‘வுட்’ படுத்திய பாடு

என் தகப்பனாருக்குச் சாலைக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை. தமிழும் மலையாளமும் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘பார்ஸல்’. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் என்னைப் பெண்கள் காலேஜில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்த்தார் என்று நினைக்கிறேன். குடம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், “நம்ம பிள்ளை இங்கிலீஷ் கடுதாசியைத் தண்ணி குடிக்க மாதிரி படிச்சிரும்” என்பார். படிப்பு அத்தனை சுலபமாக என் தொண்டையில் இறங்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அம்மாவுக்கு என் காலேஜில் நம்பிக்கை கிடையாது. “நல்ல இடம் வந்தா படிச்சது மதி, நிறுத்திரலாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சேர்ந்து நாலு மாதத்துக்குள் நல்ல இடம் வந்தும் விட்டது.

மாப்பிள்ளை வீடு நாகர்கோவிலில். பிள்ளையின் தகப்பனார் கோர்ட்டில் தலைமை குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர், மனைவியை இழந்தவர். எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். ஆனாலும் கல்யாணம் போன்ற கனமான விஷயத்தை இங்கிலீஷில் எழுதினால்தான் கௌரவம் என்பது அவர் எண்ணம். முதல் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அப்பா கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தார்.

“படி மக்கா. பதுக்க, அவசரப்படாம, ஒண்ணும் விடாம படி.”

என் கல்யாணக் கடிதத்தை நானே வாசிப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் தோன்றவில்லை. வேறு யாரிடமாவது கொண்டுபோனால் கடைத்தெருவில் அவர் பேசிய பெருமை என்ன ஆவது?

‘என் மகன் பெண்ணைப் பார்க்க விரும்புகிறான்’ என்பதைத்தான் பணிவாக, ‘வுட் லைக்’ என்று போட்டு எழுதியிருந்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்த வாரம்தான் வகுப்பில் ‘வில்’ என்பதன் இறந்தகாலமாகிய இந்த ‘வுட்’டைப் போட்டு அலசியிருந்தார்கள். அது பணிவுக்கும் வரும், பழக்கத்தைச் சொல்லவும் வரும், நடக்காமல் போனதைச் சொல்லவும் வரும். இவற்றில் எதை எடுப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். காலேஜ் நூலகத்தில் நான் தினமும் உட்காரும் ஜன்னலோர நாற்காலி நினைவுக்கு வந்தது. வாய் தானாகச் சொல்லிற்று:

“என் மகன் பெண்ணைப் பார்க்க விரும்பியிருப்பான்.”

“விரும்பியிருப்பானா? அப்போ இப்போ விரும்பல்லியா?”

“அது எழுதல்லை அப்பா. விரும்பியிருப்பான்னு மட்டும்தான் இருக்கு.”

அப்பா முகம் சுருங்கியது. மேலே படித்தேன். மகனுடைய படிப்பைப் பற்றிய வரி வந்தது. அதில் நான் ஒரு குறும்பும் செய்யவில்லை. ‘போன வருஷமே பி.ஏ. பட்டம் வாங்கியிருப்பான்’ என்று உள்ளபடியே சொன்னேன். அதன் வாலில், ‘ஹேவ்’ என்பதன் இறந்தகாலமாகிய ‘ஹாட்’ என்று தொடங்கி ஆரோக்கியத்தைப் பற்றி ஏதோ இருந்தது. அந்த ‘ஹாட்’ ஏன் முன்னால் வந்து நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளை திடகாத்திரமானவன் என்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “வாங்கியிருப்பானாம். பெத்த மகன் பாஸானானா இல்லையான்னு தகப்பனுக்கே நிச்சயம் கிடையாது, பாத்தியா!”

மறுநாளே தமிழில் பதில் எழுதினார். தங்கள் குமாரர் பெண் பார்க்க என்ன தடை என்று தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார். தலைமை குமாஸ்தா திகைத்திருக்க வேண்டும். தடை ஒன்றுமே இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவதற்குச் சித்தமாயிருக்கிறோம் என்று பதில் வந்தது. அதிலும் அந்த ‘வுட்’ இருந்தது. முதல் தடவை சிக்காத திருடனுக்கு இரண்டாம் தடவை கை நடுங்காது.

“தடை இல்லை. வெள்ளிக்கிழமை வர்றதுக்குத் தயாரா இருந்திருப்போம்.”

“என்ன எழவு பாஷை இது!” என்றார் அப்பா. “வாறியா, வரல்லியா? ரெண்டில் ஒண்ணு சொல்லப்படாதா? செரி, வரல்லேன்னு ஆச்சு. இனி அவாளே எழுதட்டும்.”

வெள்ளிக்கிழமை காலேஜுக்கு விடுமுறை. அம்மா முற்றம் பூராவும் வேட்டியை விரித்துக் கூழ்வடகம் பிழிந்திருந்தாள். நான் தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, கையில் கம்போடு காக்கா விரட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. பட்டுக்கரை அங்கவஸ்திரம் போட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார். பின்னால், பழத்தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணாடி போட்ட இளைஞர். வைக்க இடம் தேடி அவர் வடகத்தின் மேல் ஓர் அடி வைத்துவிட்டார். நான் கம்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அம்மா ஆள் அனுப்பி, அப்பா கடையிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“அண்ணாச்சி, வரல்லேன்னுல்லா எழுதியிருந்திய?”

“நானா? வெள்ளிக்கிழமை வாறோம்னு தெளிவா எழுதியிருந்தேனே!”

“வந்திருப்போம்னு எழுதியிருந்திய. வந்திருப்போம்னா, வரல்லேன்னுதானே?”

பெரியவர் முகம் சிவந்தது. “முப்பது வருஷம் ஜட்ஜுமாருக்கு டிராப்ட் எழுதினவன் நான். என் இங்கிலீஷில ஒரு ஜட்ஜு ஒரு புள்ளியைக் கூட மாத்தினது கிடையாது. ஆரு உங்களுக்குப் படிச்சுச் சொன்னது?”

“எம் பிள்ளைதான்” என்றார் அப்பா, அந்த நிலையிலும் பெருமையாக.

என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வழியும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றேன். பெண் பார்க்கும் சடங்குக்கு இப்படி ஒரு கோலத்தில் எங்கள் வம்சத்தில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். அப்பா எடுத்துக் கொடுத்த இரண்டு கடிதங்களையும் பெரியவர் என் முன்னே நீட்டினார்.

“இந்த ‘வுட்’டுக்கு நீ என்ன அர்த்தம் சொன்னே, மக்கா?”

“அது ‘வில்’லோட இறந்தகாலம். அதனால முடிஞ்சுபோன காரியம்னு நெனச்சேன்.”

“ஓஹோ. ‘வுட் யூ கிவ் மீ ஸம் வாட்டர்’னு நான் கேட்டா என்ன செய்வே?”

“தண்ணி கொண்டுவந்து தருவேன்.”

“முந்தியே தந்திருப்பியான்னு கேக்கேன்னு நினைக்க மாட்டியா?”

மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்காரர் குனிந்து சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அது எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. “எங்க டீச்சர் அதுக்கு நாலஞ்சு அர்த்தம் இருக்குன்னு சொன்னாங்க. எது எங்க வரும்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும்” என்றேன்.

அடிதான் விழப்போகிறது என்று அம்மா என் பின்னால் வந்து நின்றாள். பெரியவர் கோபிக்கவில்லை. ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “அந்த நாலஞ்சையும் சொல்லு, கேப்போம்” என்றார். சொன்னேன். ஒன்றை மறுத்தார். நான் விடவில்லை. கோர்ட்டை விட்டு வந்த பிறகு அவரோடு இலக்கணம் பேச ஆள் இல்லை என்று நினைக்கிறேன். நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

இதற்குள் அப்பாவுக்கு மெல்ல விஷயம் விளங்கியது. “அப்போ ‘விரும்பியிருப்பான்’னா விரும்புதான். ‘இருந்திருப்போம்’னா இருக்கோம்” என்று விரல்விட்டு எண்ணினார். திடீரென்று முகம் மலர்ந்தது. “அப்போ மாப்பிள்ளை பி.ஏ. வாங்கியாச்சு! நான் வீணா சந்தேகப்பட்டுட்டேன், அண்ணாச்சி.”

பெரியவர் இருமினார். நான் கையிலிருந்த முதல் கடிதத்தைப் பார்த்தேன். புரியாமல் விட்ட அந்த ‘ஹாட்’ இப்போது பளிச்சென்று புரிந்தது. உடம்பு இடம்கொடுத்திருந்தால் பட்டம் வாங்கியிருப்பான். ஆகவே வாங்கவில்லை.

“அது மட்டும் வேற, அப்பா...” என்று ஆரம்பித்து, பெரியவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார். “நான் பாஸாகல்லை மாமா. இங்கிலீஷ் பேப்பரில தோத்துப்போனேன். காய்ச்சல் ஒண்ணும் வரல்லை. நல்லாத்தான் இருந்தேன்.”

பெரியவர் தலைகுனிந்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், “மொதல்ல காப்பி குடிங்க” என்றார்.

காப்பிக்குப் பிறகு பேச்சு சுமுகமாகவே நடந்தது. பொய் இரண்டு பக்கமும் இருந்ததால் யாராலும் யார் மேலும் பாய முடியவில்லை. பையன் பரீட்சையைத் தேறட்டும், பெண் அதுவரை படிக்கட்டும், பிறகு மற்றதைப் பேசலாம் என்று முடிவாயிற்று. சொன்னது பெரியவர்தான். “இந்தப் பிள்ளையைப் படிப்பை நிறுத்தச் சொன்னா பாவம் பிடிக்கும்” என்றார்.

வண்டி போன பிறகு அப்பா என்னோடு எட்டு நாள் பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்த மனுஷரை அவர் பூரிப்பை வைத்தே ஏமாற்றிவிட்டேனே என்று ராத்திரி அழுதேன். அம்மா மிதிபட்ட வடகத்தைப் பொறுக்கிக்கொண்டே ஒன்று கேட்டாள்: “படிக்கணும்னா வாயைத் தொறந்து தமிழில சொல்லப்படாதா?” சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் அப்பா ஒரு பார்ஸல் ரசீதைக் கொண்டுவந்து, “இதைப் படி. உள்ளதை உள்ளபடி படி” என்றார். படித்தேன். சமாதானம் ஆயிற்று.

மாப்பிள்ளை அடுத்த வருஷமும் தோற்றார். செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் வருத்தப்பட, நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். அவர் தோல்வியின் தயவில் நான் இண்டர்மீடியட் முடித்துப் பி.ஏ. வகுப்பிலும் சேர்ந்தேன். மூன்றாம் முறை அவர் தேறினார். கல்யாணம் நடந்தது. என் கடைசி வருஷப் படிப்புக்குச் சம்பளம் கட்டியது மாமனார்.

நாகர்கோவில் போன புதிதில் ஒருநாள் என் கணவரிடம் கேட்டேன், இரண்டாம் தடவை எனக்காக வேண்டுமென்றே தோற்றீர்களா என்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஆமான்னு சொன்னா உனக்குச் சந்தோஷமா இருக்கும். ஆனா நெசமாவே எனக்கு அந்தப் பேப்பர் புரியல்லை” என்றார்.