கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த பெரிய டாக்டரும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே மேஜை, அதே அதட்டல்: "மூச்சை இழு, அப்படியே நில்லு, கண்ணைக்கூடச் சிமிட்டாத." கண்ணைச் சிமிட்டினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. அதை அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

அவருடைய கோட்டுப் பையில் ஈயத்தில் செய்த இரண்டு சின்ன எழுத்துகள் எப்போதும் இருக்கும். ஒன்று இடப்பக்கத்துக்கு, இன்னொன்று வலப்பக்கத்துக்கு. படம் எடுக்கும்போது அந்தந்தப் பக்கத்து எழுத்தை ஒட்டினால் அது படத்தில் வெள்ளையாக விழும். அதை மாற்றி ஒட்டினால் டாக்டர் நல்ல காலைக் கீறிவிடுவார் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களை மிரட்டுவார். தான் ஒருநாளும் மாற்றி ஒட்டியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெயின்ட் குடோன் ஒன்று தீப்பிடித்தது. காவலுக்கு இருந்தவர்கள் இரண்டு பேர். கிடைத்தது ஓர் உடல், அதுவும் யாரென்று முகம் சொல்ல முடியாத உடல். இன்னொருவர் பின்வாசல் வழியாக ஓடியதைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். அந்தக் காவலர்களில் ஒருவன் எக்ஸ்ரே அக்காவின் தம்பி. மூன்று நாளாக அவனுடைய போன் அணைந்து கிடந்தது.

மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர மாதக்கணக்காகும். ஆனால் தம்பியின் உடம்பிலேயே ஓர் அடையாளம் இருந்தது. கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு விலா எலும்பு. நூறு பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். நான்கு வருஷத்துக்கு முன் கை மரத்துப்போகிறது என்று அவன் வந்தபோது அக்காதான் படம் எடுத்துக் கண்டுபிடித்தார். மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"வேற ஆளை வச்சு எடுத்துக்கலாம்மா," என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர்.

"வேண்டாம் சார். வேற யாராவது தப்பா எடுத்துட்டா?"

அவரே எடுத்தார். மூச்சை இழு என்று சொல்ல வாய் திறந்து, யாரிடம் சொல்ல வந்தோம் என்று புரிந்ததும் பொத்தானை அழுத்தினார்.

டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். பழைய படத்தில் எலும்பு இடப்பக்கம். புதிய படத்திலும் எலும்பு இருந்தது, ஆனால் வலப்பக்கம்.

"ரெண்டு பேருக்கும் இப்படி இருக்கிறது ரொம்ப அபூர்வம்," என்று டாக்டர் தாடையைத் தடவினார். "பழைய படத்துல எழுத்து மாறியிருக்குமோ?"

"என்கிட்ட அது நடக்காது சார்." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நீங்க எடுத்ததுன்னா சரிதான். அப்போ இது உங்க தம்பி இல்லைம்மா."

கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்த தம்பி மனைவிக்கு அது கேட்டுவிட்டது. தாங்கமாட்டாமல் விம்மினாள். உடனே போனை எடுத்துப் பிள்ளைகளிடம் பேசும் குரலும் கேட்டது. "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா. பயந்து எங்கேயோ இருக்காரு, வந்துடுவாரு."

எக்ஸ்ரே அக்காவுக்கும் போன உயிர் திரும்பியது. நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் தம்பி அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. "எல்லாருக்கும் எண்ணிக் குடுத்த எலும்புல எனக்கு மட்டும் ஒண்ணு இனாம், பாத்தியா? நீ அக்காவா இருந்து என்ன பிரயோஜனம், உனக்கு இல்லையே?" அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்கு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் அவனை மறுபடி திருப்பி நிறுத்தி, இரண்டாவது படத்துக்கு எழுத்தை ஒட்டினார். இப்போது விளக்குப் பெட்டியில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

எந்த எழுத்தை?

எலும்பு இருக்கும் பக்கத்துக் கைதான் மரத்துப்போகும். அவனுக்கு எந்தக் கை? என்றோ அவன் கையிலிருந்து டீ டம்ளர் நழுவி விழுந்தது கண்ணில் தெரிந்தது, எந்தக் கை என்றுதான் தெரியவில்லை. அல்லது பார்க்க மனம் ஒப்பவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். பேசாமல் இருந்துவிட்டால் மரபணு முடிவு வரும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே இருக்கிறவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்ப்பாள். அதற்குள் உள்ளே படுத்திருப்பவன் அநாதைப் பிணமாகப் போவான்.

"ஒரு நிமிஷம் எழுதாதீங்க சார்," என்றார்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். இடது என்று சொல்லிவிடு தாயே என்று மனசு கெஞ்சியது.

"ஏம்மா, அவனுக்கு எந்தக் கை மரத்துப்போகும்?"

தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வலது கைதான் அண்ணி. சாப்பிடும்போதுகூட உதறிக்கிட்டே இருப்பாரு. இந்தத் தடவை வந்ததும் விடாம வைத்தியம் பாத்துடணும்."