பட்டை எந்தக் கையில்?

வகுப்பில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. மிச்சமிருந்த ஒருத்திக்கு முப்பத்தொன்பது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. முதல் வாரத்திலேயே பெரியக்கா ஆகிவிட்டாள். பாடம் நடத்தும் பயிற்சி சிஸ்டருக்கே இருபத்தெட்டுதான். அவரும் வருகைப் பதிவில் மட்டும் பெயரைப் படிப்பார். மற்ற நேரமெல்லாம் "பெரியக்கா, பதில் சொல்லுங்க" தான்.

நர்சிங் படிக்க வருவதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் வார்டு உதவியாளராக இருந்தாள். விரிப்பு மாற்றுவாள், மலத்தட்டு எடுப்பாள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவாள். கட்டிலில் ஆள் இருக்கும்போதே, ஆளுக்கு வலிக்காமல், விரிப்பை உருவிப் புதிது போட அவளால் மூன்று நிமிஷத்தில் முடியும். ஒரு சொட்டுக் கறை வெள்ளைத் துணியில் தெரிந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

வீட்டில் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மாணவிகள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தன் கணக்கை ஓரம் தள்ளிவிட்டு அம்மாவுக்குக் கேள்வி கேட்பாள்.

"நரம்பை எப்படித் தேர்ந்தெடுக்கணும்? சொல்லு."

"நரம்பு இல்லடி, சிரை. எங்க சிஸ்டர் காதுல விழுந்தா அவ்வளவுதான்."

"ஊரே நரம்புன்னுதானே சொல்லுது."

"ஊர் சொல்லலாம். ஊசி பிடிக்கிறவ சொல்லக் கூடாது. நிஜமாவே நரம்புல குத்திட்டா விரல் மரத்துப் போயிடும். எழுதிக்கோ. கண்ணுக்குத் தெரியறதை நம்பக் கூடாது, விரலுக்குத் தெரியறதைத்தான் நம்பணும். அமுக்கினா மெத்துன்னு அமுங்கணும், விட்டா எழும்பணும். துடிச்சா அது தமனி, கிட்டவே போகக் கூடாது. மூட்டு மடங்கற இடம் வேண்டாம். முதல்ல கீழே பாரு, கிடைக்கலன்னா மேல போ."

"நான் எதுக்கு எழுதணும்? எனக்கா பரீட்சை?" என்பாள் மகள்.

வெல்டர் வேலை பார்க்கும் கணவனின் முன்கையில் சிரைகள் கயிறு கயிறாய்ப் புடைத்துக்கொண்டிருக்கும். அவர் டிவி பார்க்க உட்கார்ந்தால் போதும், சிரை புடைக்கக் கட்டும், தோல் நிறத்தில் இருக்கும் தன் ரப்பர் பட்டையை எடுத்துவந்து முழங்கைக்கு மேலே கட்டிவிடுவாள். குத்த மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடிப் பழகுவாள்.

"இந்தக் கை எனக்குச் சொந்தமா, இல்ல காலேஜுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்று அவர் கேட்பார். கேட்டுக்கொண்டே கையை வாகாக நீட்டிக் கொடுப்பார்.

இரண்டாம் வருஷம் முடிய, ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குச் சிரையில் கேனுலா போட்டிருக்க வேண்டும். ஊசியின் மேல் உறை போல ஒரு மெல்லிய குழாய். ஊசியோடு உள்ளே போகும், ஊசி வெளியே வந்துவிடும், குழாய் மட்டும் தங்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்று பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரியக்காவுக்கு ஏழு ஆகியிருந்தது. அன்று காலைப் பணியில் ஒரே நாளில் மூன்று அமைந்தன. இரண்டு மணிக்குப் பத்தாவது கையெழுத்தோடு வெளியே வந்து பஸ் ஏறியபோது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. அப்படி ஒரு நாள்.

இரண்டாவது நிறுத்தம் தாண்டி, பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரே நெரிசல். கைக்குட்டை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டாள். பேனா இருந்தது. கத்தரிக்கோல் இருந்தது. பிளாஸ்டர் சுருள் இருந்தது. பட்டை இல்லை.

பையில் போட்டிருப்பாள். பையைத் திறந்து பார்த்தாள். நோட்டு, சாப்பாட்டு டப்பா, குடை. எல்லாவற்றையும் மடியில் எடுத்து வைத்தாள். பையைக் கவிழ்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் காலை ஒதுக்கிக்கொண்டு, "என்னம்மா, பணம் போயிடுச்சா?" என்றார்.

"இல்லைங்க."

பணமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மேசையில் வைத்திருக்கலாம், ட்ரேயில் விட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அன்றைய மூன்று கைகளையும் ஒவ்வொன்றாக நினைவில் தொட்டாள்.

முதல் கை, வாந்தியோடு வந்த குழாய் ரிப்பேர்க்காரர். சலைன் பாட்டில் மாட்டி, சொட்டு விழுவதைக் கடிகாரம் பார்த்து எண்ணியிருந்தாள். பட்டை கட்டியபடியே இருந்தால் சொட்டு அப்படி விழாது; ரத்தம் குழாயில் ஏறி நிற்கும். ஆகவே அவரில்லை. இரண்டாவது, காய்ச்சலில் வந்த கல்லூரிப் பெண். "இன்னும் கழட்டலையா அக்கா, வலிக்குது" என்று அவளே பட்டையைப் பிய்த்து எடுத்துக் கையில் கொடுத்தாள். அவளுமில்லை.

மூன்றாவது கை லிஃப்ட்காரருடையது.

முப்பது வருஷம் ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். காலில் புண் சீழ் பிடித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரை வழியாக மருந்து. மதிய மருந்து போட்டதும் பழைய கேனுலா போட்ட இடம் வீங்கிவிட்டதால் மறு கையில் புதிது போடச் சொன்னார்கள். வார்டில் குளிர் அதிகம் என்று முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, சுருட்டலுக்குக் கீழே பட்டையைக் கட்டினாள். மணி ஒன்று பத்து. முன்கையில் நல்ல சிரை. துடைத்தாள், காயவிட்டாள், தோலை இழுத்துப் பிடித்துக் குத்தினாள். ஊசியின் பின்னாலிருக்கும் சின்ன அறையில் ரத்தம் தெரிந்தது.

பயிற்சி சிஸ்டர் வகுப்பில் நூறு தடவை சொன்னது இந்த இடம்தான்: "ரத்தம் தெரிஞ்சு, குழாய் உள்ள போனதும் முதல்ல பட்டை. அப்புறம்தான் ஊசி. மாத்திச் செஞ்சீங்கன்னா ரத்தம் உங்க மடியில இருக்கும்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் ஓங்கரித்தார். கூட நின்ற வார்டு சிஸ்டர் பாத்திரம் எடுக்கத் திரும்பினார். பெரியக்காவும் ஒரு நொடி திரும்பினாள். குழாயை உள்ளே தள்ளி, ஊசியை உருவினாள். குபுக்கென்று ரத்தம் வந்து விரிப்பில் கொட்டியது. கட்டை விரலால் அமுக்கி, மூடியைப் போட்டாள். சலைன் செலுத்திப் பார்த்தபோது கொஞ்சம் திமிறியது. வயசான சிரை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். பிளாஸ்டர் ஒட்டித் தேதி எழுதினாள். எழுதும்போதே அவள் கண் கையில் இல்லை. வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த சிவப்பில்தான் இருந்தது. ஓடிப்போய்ப் புது விரிப்பு எடுத்து வந்து மூன்று நிமிஷத்தில் மாற்றினாள். அவரைப் புரட்டும்போது ஸ்வெட்டர் கை தானே கீழே இறங்கியிருக்க வேண்டும்.

"பெரியக்கா விரிப்பு மாத்தினா சுருக்கமே இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வார்டு சிஸ்டர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் கண்ணைத் திறந்தாள். பட்டை அவிழ்த்த ஞாபகம் விரலில் இல்லை. அதைவிட மோசமான ஒன்று ஞாபகம் வந்தது. விரிப்பு மாற்றி முடித்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா."

"புதுசா போட்டிருக்கில்ல, அப்படித்தான் இருக்கும் ஐயா. கொஞ்ச நேரத்துல பழகிடும்."

அவர் தலையாட்டினார். முப்பது வருஷம் மற்றவர்கள் சொன்ன மாடிக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் ஏறி இறங்கிய மனுஷன். இனி வாய் திறக்க மாட்டார். அடுத்த மருந்து ஆறு மணிக்கு. அதுவரை அந்தக் கையை யாரும் தொடவும் மாட்டார்கள். ஐந்து மணி நேரம் கட்டுப்பட்டுக் கிடந்தால் கை கையாக இருக்குமா?

வார்டுக்குப் போன் போட்டாள். லைன் பிஸியாக இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் பிஸி. பயிற்சி சிஸ்டரின் எண் இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றுவிட்டது. ஒருவேளை ட்ரேயில் இருந்தால்? பத்தாவது கையெழுத்து வாங்கிய அன்றே தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதா? அரை நிமிஷம் இருக்கும். பிறகு, அந்த அரை நிமிஷமும் லிஃப்ட்காரரின் கணக்கில்தான் கழிகிறது என்று உறைத்தது. அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் அசையவில்லை.

எழுந்து கதவுக்குப் போனாள். "இங்க இறக்க மாட்டோம்மா" என்றார் நடத்துநர்.

"அண்ணே, ஒரு ஆளோட கை போயிடும்ணே."

அவருக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார்.

ஓடினாள். கடைசியாக எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மருந்துக்கடை தாண்டி, பள்ளிச் சுவர் தாண்டி, செருப்பு வார் அறுந்ததும் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "பெரியக்கா, டூட்டி முடிஞ்சிடுச்சே?" என்றார். நிற்காமல் அவரைத் தாண்டி ஓடினாள்.

வார்டில் மணி இரண்டு முப்பத்தொன்று. லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஸ்வெட்டர் நுனிக்கு வெளியே விரல்கள் தெரிந்தன. கத்தரிக்காய்த் தோல் போல இருந்தன.

ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். பட்டை அங்கேதான் இருந்தது, அவள் கட்டியபடியே, சதைக்குள் புதைந்து. அவிழ்த்தாள். பட்டை இருந்த இடத்தில் ஆழமாய் ஒரு பள்ளம். அதற்குக் கீழே கை முழுக்க வீங்கி, தோலில் பொடிப்பொடியாய்ச் சிவப்புப் புள்ளிகள்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள்.

லிஃப்ட்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். "விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சும்மா. மருந்து வேலை செய்யுது போலன்னு நினைச்சேன். நீங்கதான் பழகிடும்னு சொன்னீங்களே."

டாக்டர் வந்தார். பயிற்சி சிஸ்டரும் வந்தார்; போனை அலமாரியில் பூட்டிவிட்டு வகுப்பில் இருந்திருக்கிறார். மணிக்கட்டில் நாடி இருந்தது. விரல்களை மடக்கச் சொன்னார்கள், மடக்கினார். தொட்டால் தெரிகிறதா என்றார்கள். சுண்டு விரலில் மட்டும் மந்தமாக இருக்கிறது என்றார். கேனுலாவை எடுத்துவிட்டுக் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தார்கள். கால் மணிக்கொரு தடவை நாடி, நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "தேறிடும்னு நினைக்கிறேன்" என்று அவர் சொன்ன விதத்தில், நினைக்கிறேன் என்பதுதான் பெரியக்காவின் காதில் தங்கியது.

பயிற்சி சிஸ்டர் திட்டவில்லை. சம்பவ அறிக்கைத் தாளை நீட்டினார். "நேரம் போட்டு எழுதுங்க. இவருக்குப் போட்டது கணக்குல வராது. நான் சொல்ற வரைக்கும் ஊசி தொடக் கூடாது."

"கையை நானே பாத்துக்கவா சிஸ்டர்? இருந்துட்டுப் போறேன்."

அவர் யோசித்தார். "ஒவ்வொரு தடவையும் வார்டு சிஸ்டர் கூட நிப்பாங்க. பாருங்க."

கட்டிலருகில் உட்கார்ந்து எழுதினாள். பட்டை கட்டிய நேரம், கண்டுபிடித்த நேரம், இடைப்பட்ட எண்பத்தொரு நிமிஷம். 'நோயாளி ஏதேனும் தெரிவித்தாரா' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். மூன்று மணிக்கு விரல்களில் நீலம் வெளிறியிருந்தது. நகத்தை அமுக்கி எடுத்ததும் சிவப்பு திரும்பியது, தாமதமாக. மூன்றரைக்குத் தாமதம் குறைந்திருந்தது. சுண்டு விரல் இன்னும் மந்தம் என்றார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். லிஃப்ட்காரரின் மகள் வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்த களைப்பு. தலையணை மேல் இருந்த கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வார்டு சிஸ்டர் எழுந்து வந்து, தணிந்த குரலில், "நான் பேசிக்கிறேன் பெரியக்கா, நீங்க உள்ள போங்க" என்றார்.

பெரியக்கா போகவில்லை. "நான்தாங்க. ஊசி போடக் கட்டின பட்டையை அவுக்காம மறந்து போயிட்டேன். ஒரு மணி இருபது நிமிஷம் இருந்திருக்கு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "ஒரு மணி நேரமா? வலிக்குதுன்னு அவர் சொல்லவே இல்லையா?"

"நான்தான் ஒண்ணும்..." என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார்.

"சொன்னாருங்க" என்றாள் பெரியக்கா. "இறுக்கமா இருக்குன்னு சொன்னாரு. நான் கையைப் பாக்கல. பழகிடும்னு சொல்லிட்டேன்."

மகள், பெரியக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து, கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு, அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

பெரியக்கா நின்றபடியே தாளைச் சுவரில் வைத்து, விட்டுப்போன கட்டத்தை எழுதினாள். அவர் சொன்னதும் அவள் சொன்னதும் எழுத இரண்டு வரி போதுமாக இருந்தது. தாளை வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தபோது நான்கேகால் ஆகியிருந்தது.

"கையைப் பாக்கணுங்க" என்றாள் அந்த முதுகிடம்.

"வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

"பாக்கட்டும்மா" என்றார் லிஃப்ட்காரர். "அவங்களுக்குத்தான் மத்தியானத்திலிருந்து என் கை தெரியும்."

மகள் நாற்காலியை அரை அடி நகர்த்தினாள். அதற்கு மேல் நகர்த்தவில்லை. வார்டு சிஸ்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பெரியக்கா உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, நாடியை முழு நிமிஷம் எண்ணினாள். பிறகு சுண்டு விரலின் நுனியைத் தொட்டாள்.

"ஐயா, இது எந்த விரல்? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி" என்றார் அவர். "ஆனா துணிக்குள்ள இருந்து தொடற மாதிரி இருக்கு."

அப்படியே எழுதினாள். அடுத்தது நாலரைக்கு.