உலகம்மையின் வட்டில்

“கவுத்திக் காட்டுங்க.”

கணபதியப்பன் சாப்பிட்ட வட்டிலை மனைவியின் பக்கம் சரித்துக் காட்டுகிறார். ஓரத்தில் ஒரு வெண்டைக்காய்த் துண்டு ஒட்டியிருக்கிறது. உலகம்மையின் கண் அதில் போய் நிற்கிறது. அவர் அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கை கழுவப் போகிறார். கீரிப்பாறை மலைவழியில் முப்பது வருஷம் எஸ்டேட் பஸ் ஓட்டிய மனிதர். எதிரே லாரி வந்தாலும் லேசில் ஒதுங்காதவர், இங்கே ஒதுங்கிவிடுவார்.

உலகம்மைக்கு அறுபது நிறைந்து மூன்று மாதம் ஆகிறது. தேரூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு சத்துணவு சமையலராக இருந்தாள். பதிவேட்டில்தான் சமையலர், பிள்ளைகளுக்குச் ‘சோத்து டீச்சர்’. கையில் அகப்பையோடு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். சோற்றுக்கு அடியில் கத்தரிக்காயை ஒளிப்பவன், மஞ்சள் கருவைப் பக்கத்துப் பிள்ளையின் வட்டிலுக்குத் தள்ளுகிறவள், வயிற்றுவலி என்று முனகுகிறவன் எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. எழுந்திருக்கும் முன் வட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு பருக்கை விழுந்தாலும் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

வீடு சைவம். பிறந்ததிலிருந்து முட்டையை நாக்கில் வைத்ததில்லை. ஆனால் பள்ளியில் நாள்தோறும் இருநூறு முட்டை அவித்தாள். கெட்ட முட்டையைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவாள். போனில் யாரோ எண் மாறி அழைத்தால்கூட அவளுடைய முதல் கேள்வி, “சாப்பிட்டியளா?” என்பதுதான். எண் மாறியவர்களும் சாப்பிட்ட கறியைச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள்.

சோற்றை எறிவது மட்டும் அவளுக்கு அறவே ஆகாது. அனில்குமார் என்று ஒருவன், நாலாம் வகுப்பில், முட்டையைப் பந்துபோல எறிந்து விளையாடினான். உலகம்மை அடிக்கவில்லை. கீழே கிடந்ததை எடுத்துக் கழுவினாள். தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவன் கண்ணிலும் ஒற்றினாள், பிறகு ஊட்டிவிட்டாள். “சோத்த எறியப்பிடாது மக்கா. எறிஞ்சா அது அழும்.” அனில்குமாருக்கு இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது, சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். டீக்கடையில் சோத்து டீச்சரைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நின்று, குடித்த கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவான்.

ஓய்வு பெற்ற அன்று ஆசிரியர்கள் பெரிய எவர்சில்வர் வட்டில் ஒன்று கொடுத்தார்கள். விளிம்பில் ‘சோத்து டீச்சர் உலகம்மை’ என்று பெயர் வெட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவளிடம் சோறு வாங்கித் தின்ன ஆள் கணபதியப்பன் ஒருவர்தான். மகள் சிவப்ரியா பெங்களூரில் எதையோ டப்பாவில் வரவழைத்துச் சாப்பிடுகிறாள். உலகம்மைக்கு அகப்பை பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ராங்கு வந்தான்.

கடியப்பட்டணத்து மீன்காரி ஞானபாயின் நாய் அவன். சைவ வீட்டுக்கும் மீன்காரிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஊரில் கேட்டதுண்டு. மீன் விற்றுத் தீர்ந்ததும் ஞானபாய் பள்ளிக்கூடச் சுவர் நிழலில் வந்து உட்காருவாள். உலகம்மை தன் கட்டுச்சோற்றில் பாதியைப் பிரித்துக் கொடுப்பாள். இருபது வருஷப் பழக்கம், அவ்வளவுதான். ஞானபாயின் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறவர். கடற்கரையில் அவர்களை ஸ்ராங்கு என்பார்கள். வீட்டில் ஒரு ஸ்ராங்காவது சொன்னபடி கேட்கட்டும் என்று ஞானபாய் நாய்க்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். கொல்லம் பக்கம் குடும்பத்தோடு தொழிலுக்குப் போக வேண்டி வந்தபோது, நாயோடு வந்து நின்றாள்.

“ரெண்டு மாசந்தான் எக்கா. வேற ஆருட்ட கொண்டு விட?”

“எனக்கிட்ட விட்டுட்டுப் போ மக்கா. நீ வரும்ப ரெண்டு கிலோ கூட்டித் தாறேன்,” என்றாள் உலகம்மை.

அந்த வாக்குத்தான் வினையாயிற்று. ஸ்ராங்கு செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், நல்ல பையன். வீணாகக் குரைப்பதில்லை, கடிப்பதில்லை, வீட்டுக்குள் ஏறுவதில்லை. தின்பதும் இல்லை.

முதல் நாள் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, பெயர் வெட்டிய வட்டிலிலேயே வைத்தாள்.

“பேரு வெட்டுன வட்டில்லயா நாய்க்கு வைக்கே?” என்றார் கணபதியப்பன்.

“நம்ம வீட்டுக்கு வந்த பிள்ளைக்குப் பின்ன எதுல வைக்க?”

ஸ்ராங்கு வட்டிலைப் பார்த்தான், உலகம்மையைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போய், முன்னங்கால்களின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். மறுநாள் தயிர்ச்சோறு, இட்லி, பாலில் ஊறிய ரஸ்க். சிவப்ரியா சொன்னபடி நாய் பிஸ்கெட் வாங்கினார்கள். மூன்றாம் நாள், அந்த வீட்டு அடுப்பில் முதன்முதலாக முட்டை அவிந்தது. எல்லாம் வட்டிலில் வந்து, வட்டிலில் ஆறி, வட்டிலோடு திரும்பிப் போயின. கிண்ணத்துத் தண்ணீரைக்கூடத் தொடாமல், குழாயடியில் தேங்கியதை நக்கிக் குடித்தான். உலகம்மை பள்ளிக்கூடத்து வித்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். நீ தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன என்று முதுகைக் காட்டி நின்றாள். காக்கா கொண்டுபோய்விடும் என்று மிரட்டினாள். கடைசியில், “ஒரு வாய் தின்னு மக்கா, உனக்க கால வேணும்னாலும் பிடிக்கேன்,” என்று கெஞ்சினாள். ஸ்ராங்கு வாலை ஆட்டினான்.

“தின்னாத பிள்ளைக்கு ஒண்ணு வயித்துல கோளாறு, இல்லேன்னா வீட்டுல கோளாறு” என்பது உலகம்மை முப்பத்திரண்டு ஆண்டில் கண்டுபிடித்தது. வயிற்றைக் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டார். பல், நாக்கு, சூடு எல்லாம் சரி. “இன்னும் ரெண்டு நாள் பாப்போம். அப்பவும் சாப்பிடலேன்னா டிரிப் ஏத்தணும். ரொம்ப நாள் உடம்பு தாங்காது” என்றார். அப்படியானால் கோளாறு வீட்டில். அதுவும் தன் வீட்டில். உலகம்மைக்கு அது முள்ளாகத் தைத்தது.

சாயங்காலமானால் ஞானபாயின் போன் வந்துவிடும். “தின்னானா எக்கா?”

“தின்னான், தின்னான். இப்பந்தான் வட்டில நக்கி வச்சான்.”

போனை வைத்ததும் முகம் சுருங்கிவிடும். வட்டிலுக்கு வட்டில் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள், இப்போது தானே நாளுக்கு ஒன்று சொல்கிறாள். உள்ளதைச் சொல்ல வெட்கம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

“அவன் மீனாக்கும் கேக்கான்,” என்றார் கணபதியப்பன், நாலாம் நாள் காலையில். “கடப்பொறத்து நாய்க்கு உனக்க பருப்பும் நெய்யும் எங்க எறங்கும்?”

அந்த வீட்டு வளவுக்குள் மீன் நுழைந்ததில்லை. உலகம்மை மத்தியானம்வரை அடுக்களைக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். பிறகு, “வாங்கிட்டு வாங்க,” என்றாள். கொல்லையில் மூன்று செங்கல்லை அடுக்கி, புதுச் சட்டியில் கணபதியப்பன் சாளை மீன் அவித்தார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி பத்தடி தள்ளி நின்று, “முள்ள எடுங்க, பிள்ளைக்குத் தொண்டையில குத்திரும்” என்று உத்தரவு போட்டாள். பெயர் வெட்டிய அதே வட்டிலில் மீன் வந்து இறங்கியது. ஸ்ராங்கின் வாயிலிருந்து நீர் நூலாக ஒழுகியது. வால் மண்ணைப் பெருக்கியது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.

உலகம்மை கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “இது பட்டினி கெடந்து செத்துப்போச்சுன்னா, நான் ஞானபாய் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

கணபதியப்பன் சட்டியைத் தேய்த்துக் கழுவி, கண்ணில் படாத இடத்தில் வைத்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம். சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு உருண்டை சோறு வைப்பது அந்த வீட்டு வழக்கம். மதில்வரை நடந்து போய் வைக்க வேண்டும். கணபதியப்பன் நடப்பதில்லை; கொல்லைப்படியில் நின்றபடி மதில்மேல் வீசிவிடுவார். அதற்காகத் தினமும் ஏச்சு வாங்குவார். அன்று ஏசுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை. வீசிய அவருக்கும் மனம் அதில் இல்லை. உருண்டை குறி தப்பி, மதிலுக்கு இந்தப் பக்கமே இறங்கியது. ஐந்து நாளாகச் சுருண்டு கிடந்த ஸ்ராங்கு ஒரே தாவாகத் தாவினான். உருண்டை மண்ணைத் தொடவில்லை.

“என்னட்டி இது?” என்றார் கணபதியப்பன். “வெறும் பருப்புச் சோறாக்கும்!”

உலகம்மை சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை. போனை எடுத்தாள்.

“மக்கா, நான் உனக்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவன் இங்க வந்ததுலேருந்து ஒரு வாய் தின்னல்ல. இப்பந்தான் காக்காக்கு எறிஞ்சத எடுத்துத் தின்னான்.”

அந்தப் பக்கம் ஞானபாயின் குரல் பதறியது. “எக்கா, நீங்க வட்டில்லயா வச்சிய?”

“பின்ன எதுல வைக்க?”

“ஐயோ! அவன் வட்டில்ல வாய வைக்கமாட்டானே எக்கா. குட்டியில மீன் கூடைக்குள்ள வாய வச்சு, துடுப்பால அடி வாங்குனவன். பாத்திரத்துல இருக்கது மனுசருக்கு, எறிஞ்சு போட்டதுதான் இவனுக்கு. உசிரு போனாலும் மாறமாட்டான். சொல்ல மறந்துபோனேனே, பாவி!”

உலகம்மை திரும்பிப் பார்த்தாள். ஸ்ராங்கு மதிலடியில் உட்கார்ந்து மூக்கை நக்கிக்கொண்டிருந்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூடவே சிரிப்பும் வந்தது. ஐந்து நாள் பசியிலும் களவு செய்யாத பிள்ளை. இப்படி ஒன்று அவளுடைய பள்ளிக்கூட வரிசையில் உட்கார்ந்ததே இல்லை.

“எலையில வச்சுக் குடுத்தாலோ?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எலையும் அவனுக்குப் பாத்திரந்தான் எக்கா. எறியணும்.”

போனை வைத்துவிட்டு, கேட்டதைக் கணவரிடம் சொன்னாள். “நான் எறியட்டா?” என்றார் கணபதியப்பன்.

“வேண்டாம். எனக்கிட்டல்லா விட்டுட்டுப் போயிருக்கா.”

மீதிப் பருப்பைச் சோற்றில் விட்டு, நெய் ஊற்றி, பெயர் வெட்டிய வட்டிலில் பிசைந்தாள். ஏழு உருண்டை பிடித்தாள். கொல்லைப்படியில் வந்து நின்று முதல் உருண்டையைக் கையில் எடுத்தாள். கை மேலே எழும்ப மறுத்தது. ஸ்ராங்கு எழுந்து நின்றான். மடிந்த காதுகூட நிமிர்ந்துவிட்டது. உலகம்மை உருண்டையை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு எறிந்தாள்.

அடுத்ததையும் ஒற்றிக்கொண்டுதான் எறிந்தாள். ஏழாவதற்கும் அப்படியே. ஒரு பருக்கைகூட மண்ணில் விழவில்லை.

ஏழும் முடிந்த பிறகும் ஸ்ராங்கு அண்ணாந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். உலகம்மை வட்டிலைத் தூக்கிப் பிடித்து, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினாள்.