அப்பா திறந்த ஆற்று வாய்

எங்கள் ஆறு மிகவும் குட்டையானது. கல்குவாரிக்குப் பின்னால் உள்ள குன்றில் ஊற்றாகத் தொடங்கி, பதினொரு கிலோமீட்டர் ஓடிக் கடலில் முடிகிறது. காலையில் நடக்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முழு ஆற்றையும் பார்த்துவிடலாம். மேலே ஊருக்குக் குடிநீர் எடுக்கும் கிணறுகள். நடுவில் செங்கல் சூளை, லாரி கழுவும் இடம், ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கற்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீர் உப்பாகிவிடும். அங்கே படகுக்குத் தார் பூசுவார்கள், நண்டு பிடிப்பார்கள். வேலையில்லாதவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறுகளை அளப்பது என் தொழில். இந்த ஆறு எந்த அறிக்கையிலும் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. என் அப்பா அதன் கடைசித் துண்டில், அது கடலைத் தொடும் இடத்தில் வேலை செய்தார். போன மாதம் இறந்துபோனார்.

அப்பா நகராட்சியின் பொக்லைன் ஓட்டுநர். மற்ற நாட்களில் சாக்கடை தோண்டுவார், குப்பை மேட்டைச் சமன் செய்வார். மழைக்காலத்தில் ஆற்று வாயைத் திறப்பது அவர் பொறுப்பு. கோடை முழுக்க அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மழை வந்ததும் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறிப் பாலத்தடித் தெரு வீடுகளுக்குள் நுழையும். மணல் மேட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் மீதியை ஆறே பார்த்துக்கொள்ளும். ஆனால் கடல் இறங்கும் நேரத்தில் வெட்ட வேண்டும். ஏறும் நேரத்தில் வெட்டினால் அலை உள்ளே புகுந்து, கிணறுகள் வரை உப்பைத் தள்ளும். வெட்டிய மணலையும் திருப்பிக் கொண்டுவந்து அடைக்கும். அப்பாவுக்கு முன்பிருந்த ஓட்டுநர் அப்படி வெட்டிவிட்டு, ஊரையே மறு மழை வரை லாரித் தண்ணீர் குடிக்க வைத்தார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மழை விடவே இல்லை. அப்பா காலையிலேயே வாய்க்காலை வெட்டி, ஆற்றோரம் ஒரே ஒரு மணல் தடுப்பை மட்டும் விட்டுவைத்தார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் குடையோடு பக்கத்தில் நின்றேன். பின்னால் பாலத்தடித் தெருவே திரண்டு நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. தெருவில் முதல் வீடு. பின் அறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். முழங்கால் வரை சேறு.

"ஏன்டா, வண்டியில உக்காந்து வேடிக்கை பாக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

"கடல் இறங்கட்டும்க்கா."

"அது இறங்கறதுக்குள்ள என் வீடு கடலுக்கே போயிடும்."

"இப்ப வெட்டினா உப்புத் தண்ணி உள்ள வரும்."

"இப்ப மட்டும் என்ன பன்னீரா வருது? சாக்கடைடா! கட்டில் மேல ஏறிடுச்சு."

"அண்ணே, அக்கா சொல்றது நியாயம்தானே?" என்றார் ஒரு படகுக்காரர்.

"நியாயம்தான். கடல்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார் அப்பா.

அத்தை வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். "உன் வீடா இருந்தா இப்படி உக்காந்திருப்பியா?"

எங்கள் வீடு மேட்டுத் தெருவில் இருந்தது.

சற்று நேரத்தில் யாரோ ஓடி வந்து, அத்தை வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது என்றார்கள். அத்தை திரும்பி ஓடினார். அப்பாவின் கை சாவி மேல் போனது. திருகவில்லை. கை மட்டும் அங்கேயே இருந்தது.

கடைசியில் அலை, தான் மணலில் நனைத்து வைத்திருந்த கோடு வரை எட்டாமல் திரும்பத் தொடங்கியது. அப்பா எஞ்சினைக் கிளப்பினார். "பின்னால போங்க" என்று கத்தினார். ஒருவரும் நகரவில்லை. பொக்லைனின் கை அவர்கள் தலைக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. அதனால் தடுப்பின் மேலேயே வண்டியை ஓட்டி மறுபக்கம் போய், அங்கிருந்து உடைத்தார். ஆறு ஒருகணம் தயங்கியது. பிறகு மணலை இருபக்கமும் கடித்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அண்ணே, அதெல்லாம் சரி. வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று படகுக்காரர் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் பாறையும் முள்புதரும்தான். சாலை இந்தப் பக்கம். எப்போதும் சாலைப் பக்கம் நின்றுதான் உடைக்க வேண்டும், அதுதான் இந்த வேலையில் முதல் பாடம். அப்பா இறங்கி, அகலமாகிக்கொண்டே போன தண்ணீரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அத்தை திரும்பி வந்தபோதும் சிரிப்பு ஓயவில்லை. அவர் கரையில் நின்று கத்தினார்: "மெஷின் மேலயே விழுந்துடுச்சுடா சுவர்!"

"நான் கட்டித் தரேன்க்கா!"

"முதல்ல நீ இந்தப் பக்கம் வந்து சேரு!"

மாலையில் படகில் வந்து சேர்ந்தார். பொக்லைன் கோடை வரை அங்கேயே நின்றது. நகராட்சி மெமோ கொடுத்தது, ஊர் 'அந்தக்கரை' என்று பட்டப்பெயர் கொடுத்தது. சுவரை அப்பா தன் கையாலேயே கட்டினார். கொஞ்சம் சாய்வாகத்தான் வந்தது. அப்பவே வெட்டியிருந்தால் பழைய சுவர் நின்றிருக்கும் என்று, அப்பா சாகும்வரை அத்தை அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். "இருக்கும்க்கா" என்பார் அப்பா. அவ்வளவுதான்.

போன மாதம் அப்பாவின் அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அத்தை எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டி, இதானே உன் படிப்பு? கணக்குப் போட்டுச் சொல்லு. நான் கேட்டப்பவே அவன் வெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நான் எப்போதோ போட்டுப் பார்த்த கணக்கு அது. ஆற்று மட்டம் அன்றைக்கு அவ்வளவு உயரம். அப்போதே வெட்டியிருந்தாலும் தண்ணீர் கடலுக்குத்தான் போயிருக்கலாம். அலை கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் உப்பு உள்ளே வந்திருக்கலாம். அலையை யாரும் அளக்கவில்லை.

"சொல்ல முடியாது அத்தை. ரெண்டுல எது வேணா நடந்திருக்கும்."

"அப்ப அவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."



"தெரியாமலேதானா அவ்வளவு நேரம் உக்காந்திருந்தான்? நான் அந்தத் திட்டு திட்டறப்ப?" என்றார் அத்தை. அதற்குப் பிறகுதான் அழுதார்.