நான் அடிக்காத மணி

என் நண்பனுக்குக் கிடைக்க இருந்த ஆராய்ச்சி வேலையைக் கெடுத்தவன் நான். அவன் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: யோசிக்காமல் உட்கார்ந்திரு. நான் யோசித்தேன். பிறகு, யோசிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இருவரும் செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியார்கள். சென்னையில் ஒன்றாகப் படித்தவர்கள். பரீட்சையில் அவன் முதலாவது வருவான், நான் இரண்டாவது. வேலைக்கு வந்த பிறகும் எனக்கு அந்த எண்ணம் போகவில்லை. ஆசிரியர் அறையில் அவன் ஒரு கணக்கை விளக்கினால், அதில் தப்பு இருக்காதா என்று தேடிக்கொண்டே கேட்பேன். பெரும்பாலும் இருக்காது.

வெளிநாட்டில் சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டருக்கு முயற்சி நடக்கிறது என்று ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. நம்மிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அட்டைகளில் எழுத ஆரம்பித்தான். எதிராளி காய் நகர்த்தியதும் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எப்போது வெட்டுவது, எப்போது விலகுவது என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு விதி. சதுரங்கத் திறமையே இல்லாதவன்கூட அட்டை சொல்கிறபடி செய்தால் ஆட்டம் நடக்க வேண்டும். மனிதன் யோசிப்பதில் எவ்வளவு தூரம் இப்படி எழுதிவிட முடியும் என்பதுதான் அவன் கேள்வி.

விதிகளை அவன் எடுத்தது கோவளத்தில் வலையும் கயிறும் விற்ற ஒரு பாயிடமிருந்து. அந்தக் கரையில் அவரை ஜெயித்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய், அவரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொல்வான். பாய்க்குச் சிரிப்பாக இருக்கும். “இன்னா சார், மனசுல பேசறத வாயில பேசினா, எதுத்தாப்புல கீறவன் சும்மா இருப்பானா?” என்பார். ஆனாலும் சொல்வார். அவன் எழுதுவான்.

வடக்கேயிருந்து ஒரு பேராசிரியர் மகாபலிபுரம் சிற்பங்களைப் பார்க்க வருவதாகவும், அப்படியே அட்டை ஆட்டத்தையும் பார்ப்பதாகவும் செய்தி வந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வரப்போகிறது. பிடித்திருந்தால் இவனைக் கூட்டிப்போவார்.

அட்டைகளை இயக்க ஓர் ஆள் வேண்டுமே. என்னைக் கேட்டான்.

“ஏண்டா நான்?” என்றேன்.

“நீதான் சொன்னதை அப்படியே செய்வே.”

நம்பிக்கையால் சொன்னான். என் காதில் வேறு மாதிரி விழுந்தது. அந்த வார்த்தையைப் பல நாள் மென்றுகொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மகாபலிபுரம் போனோம்; எதிரே ஆட பாயும் கோவளத்திலிருந்து வந்திருந்தார். கடலோரத்துப் பயணியர் பங்களாவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினோம். திரைக்கு இந்தப் பக்கம் நான், ஒரு சதுரங்கப் பலகை, காற்றில் பறக்காமல் கூழாங்கல் வைத்த அட்டைகள், பள்ளியிலிருந்து கொண்டுவந்த மேஜை மணி. அட்டைகளில் விடை இல்லாத நிலை வந்தால் நான் மணியடிக்க வேண்டும்; ஆட்டம் நிற்கும். அந்தப் பக்கம் பாயும் பேராசிரியரும். பாய் நகர்த்துவதைப் பேராசிரியர் உரக்கச் சொல்வார். நான் பதிலைச் சீட்டில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளுவேன். தான் அருகில் இருந்தால் சந்தேகம் வரும் என்று அவன் வெளியே மணலில் போய் உட்கார்ந்தான்.

வெளிநாட்டு விதிப்படி ஆடுவதென்று பேச்சு. பாயும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டச் சூட்டில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. நம் பக்கத்து ஆட்டத்தில், அதுவரை செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாண்டலாம். பாயின் ராஜா தாண்டியது. பேராசிரியருக்கு அது தப்பு என்று தெரிந்திருக்கிறது. அட்டை என்ன செய்கிறது பார்ப்போம் என்று, சொல்லாமல் கட்டத்தை மட்டும் படித்தார்.

எனக்கும் தெரிந்தது. அதற்கு அட்டை கிடையாது. மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பலகையைப் பார்த்தேன். தாண்டிப்போன ராஜாவை அதன் காய்களே மூலையில் நெருக்கிக்கொண்டிருந்தன. மிகப் பெரிய காயான என் மந்திரியை வெட்டக் கொடுத்துவிட்டால், அடுத்து குதிரையால் அந்த ராஜாவை முடித்துவிடலாம். மந்திரியை ஒருபோதும் கொடுக்காதே என்பது அவனுடைய முதல் அட்டை. அவன் அட்டைகளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. அவனை ஒருமுறை முந்திவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் சீட்டை எழுதித் தள்ளினேன்.

“யா அல்லா! காயிதம் மந்திரிய தூக்கிக் குடுக்குது சார்!” என்று பாய் கத்தினார். வெட்டினார். என் குதிரை வந்தது. ஆட்டம் முடிந்தது.

பேராசிரியர் அவனை உள்ளே கூப்பிட்டு, அந்த மந்திரியைக் கொடுத்த அட்டையைக் காட்டச் சொன்னார். அவன் திரையை விலக்கி என்னைப் பார்த்தான்.

“எந்த அட்டைடா?”

“அட்டைப்படிதான் போட்டேன்.” பேராசிரியருக்கும் புரியட்டும் என்று இதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் மணியைப் பார்த்தான். பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். அப்படி ஓர் அட்டை இல்லை என்று தெரிந்தே புரட்டுகிறவன் முகம் அது. கடைசியில், தவறு தன்னுடையதாக இருக்கலாம் என்றான். பேராசிரியர் கோபப்படவில்லை. இயந்திரத்தைப் பார்க்க வந்தேன், உள்ளே மனிதன் ஒளிந்திருக்கும் பொம்மையை அல்ல என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க ஆட்டத்துல ராஜா ஒரு தபா தாண்டுவாரு சார். கை அப்பிடியே போயிட்சி. என்னாலதான் கெட்டுது.” நான் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்தும் வடக்கிலிருந்து அவனுக்கு எதுவும் வரவில்லை. அவன் எப்போதும்போல் வகுப்பெடுத்தான். அட்டைகளைப் பற்றிப் பேசுவதில்லை. இதைத்தான் நான் விரும்பினேன் என்று நினைத்திருந்தேன்; ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. பேராசிரியருக்கு உண்மையை எழுதினேன். இடத்துக்கு வேறொருவரை எடுத்தாகிவிட்டது, எழுதியதற்கு நன்றி என்று பதில் வந்தது.

ஊரை ஒட்டிய கொளவாய் ஏரிக்கரையில் நடக்கும்போது அவனிடமும் சொன்னேன்.

“தெரியும்,” என்றான்.

“அங்கேயே சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு? உன்னை உள்ளே உட்கார வச்சதே நான்தானே.” சற்று நடந்துவிட்டு, “பாய்கிட்டே போய்ச் சொல்லு. மனுஷன் இன்னும் தன்னாலேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்,” என்றான்.

அடுத்த ஞாயிறு கோவளம் போனேன். கடையில் ஆள் இருக்கும்போதே சொன்னேன். பாய் கயிறு அளப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்போ என்னை அட்சது நீங்களா? காயிதம் இல்லியா?”

“நான்தான், பாய்.”

“படிச்சவரு சார் நீங்க. இத்தினி மாசம் எனக்குத் தூக்கம் இல்ல.” மறுபடி கயிறை எடுத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கயிறை வெட்டி முடித்து ஆளை அனுப்பிவிட்டு, “காயிதத்தோட ஒரு ஆட்டம் பாக்கி கீது. அவரையும் இட்டுகினு வாங்க,” என்றார்.

ஆடினோம். கடையில் தொங்கிய வலைதான் திரை. இந்த முறை பாய் வேண்டுமென்றே ராஜாவைத் தாண்டவிட்டார். மணியடித்தேன். அவன் வந்து பார்த்து, அந்த இடத்திலேயே ஒரு புது அட்டை எழுதிச் சேர்த்தான். ஆட்டம் தொடர்ந்தது. நடுவில் எனக்கு ஒரு நல்ல வழி தெரிந்தது. கை துறுதுறுத்தது. ஆனால் அட்டை சொன்ன மோசமான நகர்த்தலையே செய்தேன். பாய் சீக்கிரமே ஜெயித்தார்.

“இன்னா சார், உங்க காயிதம் சுத்த மக்கா கீது!”

“ஆமா பாய், அதுதான் என் அட்டை,” என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அட்டைகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். முன்பெல்லாம் கட்டு என் பையில்தான் வரும். அவன் அவற்றை அடுக்கி, கயிறு கேட்டு வாங்கிக் கட்டி, தன் பையில் வைத்துக்கொண்டான்.