தனலெட்சுமி கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்த கதை

தொண்ணூற்றாறில், மலேசியாவில் மேரு என்ற ஊரில் பார்த்துவந்த கையுறைத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, கிள்ளானில் கல்யாணக் கார்டு போடும் கடையைத் திறந்தாள் தனலெட்சுமி. கடை என்றால் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், எவரோ கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்கே அம்மணிக்குத் தலைகால் புரியவில்லை. மேரு சூப்பர்வைசர் மட்டும், "தீபாவளி வரைக்கும் ஒன் எடத்த வச்சிருக்கேன்மா" என்று சொல்லியிருந்தார். கடை ஓடாவிட்டால் அங்கேதான் திரும்பிப் போகவேண்டும்.

முதல் பெரிய ஆர்டர் நாகையா மகள் கல்யாணம். மாதிரிக் கார்டைப் பார்க்க அவர் அன்று சாயங்காலம் வருகிறார். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த வாரம் பார்த்துத்தானா கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ள வேண்டும்? ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாதி எழுத்து வந்திருக்கும்.

பழுதுபார்க்க வந்த கார்த்திகேசு, "வைரஸ்தான்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ புதுசா போட்டா பறக்கும் லா" என்றான். டிஸ்க் மாற்றி டிஸ்க்காக நுழைத்து, விண்டோஸையும் கார்டு டிசைன்களையும் காலை முழுக்கப் போட்டான். பறக்கவில்லை, புது விண்டோஸும் அதே தவழல்தான். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். காற்றாடிக்குள் ஊதி, தூசியெல்லாம் தன் மூஞ்சியில் வாங்கிக்கொண்டான்.

"வயசான மெஷின்கா. விட்ருங்க."

விடுவாளா அவள்? அழுகையை அடக்கிக்கொண்டு, நாகையா வரும்போது பெட்டியாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஈரத்துணியை எடுத்தாள். அந்த வாரம் வந்த சரஸ்வதி பூஜைக்கு அவளே அப்பிய சந்தனம் முன்பக்கம் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. வந்த ஆத்திரத்தில் அழுத்தித் தேய்த்தாள். சந்தனத்துக்கு அடியிலிருந்து ஒரு பட்டன் டக்கென்று உள்ளே போனது. பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அதுவரை இழுத்துக்கொண்டிருந்த, கார்டுக்கான குத்துவிளக்குப் படம் முழுசாக வந்து நின்றது.

கார்த்திகேசு குனிந்து பார்த்தான். "அக்கா, இது டர்போ பட்டன். இது உள்ள இருந்தாத்தான் மெஷின் முழு வேகத்துல ஓடும். ஒரு தடவ அமுக்கினா உள்ள போகும், மறுபடி அமுக்கினா வெளிய வந்துரும். யாரு வெளிய எடுத்து விட்டா?"

பூஜையன்று பக்தி முற்றிப்போய், கட்டைவிரலால் அதே இடத்தில் நச்சென்று பொட்டு வைத்தது அவளுக்கு நினைவு வந்தது.

"சரஸ்வதிதான்" என்றாள். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சாயங்காலம் நாகையா மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் பெயரை மெல்ல வாசித்தார். "இதே இருக்கட்டும்மா. தை மாசம் தம்பி மகனுக்கும் கல்யாணம். அதையும் நீயே போட்டுக் குடு."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மேரு சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். "அண்ணே, அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்திருங்க" என்றாள். போனை வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.