விழச் சம்மதித்த செனற்றர்

அனஸ்ரேசியா ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவள். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினாள். இயந்திர இரைச்சலை மிஞ்சிக் கதைத்துப் பழகிய குரல் அவளுடையது.

2005இல் ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவின் தமிழ் மன்ற ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினாள். மாவு அரைப்பவனின் மகன் வலேரியஸ், பேச்சுத் திறத்தால் ரோமாபுரியின் செனற்றர் ஆகிறான். பேரரசன் கேட்ட அநியாயப் போருக்குக் கை உயர்த்திச் சம்மதிக்க மறுத்ததால், சபை நடுவே அங்கியை உருவி அவனை நாடு கடத்துகிறார்கள்.

மன்றத் தலைவர் சூசைரட்ணம்தான் வலேரியஸ். ஒத்திகைகளில், பதவியேற்கும் காட்சியில் மனிசன் உண்மையான செனற்றராகவே நிமிர்ந்து நிற்பார். கடைசிக் காட்சி வந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"தங்கச்சி, நான் மன்றத் தலைவர். சனத்துக்கு முன்னாலை என்ரை உடுப்பை உருவினா என்ன கதைப்பினம்? பதவியேற்கிறதோடை திரையைப் போடுவம்."

"விழாட்டி அவன் ஆர் அண்ணை? வெள்ளைச் சீலை சுத்தின ஒரு ஆள், அவ்வளவுதான்."

"அப்ப வேறை ஆளைப் பாருங்கோ."

விழாவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. ஒருவரும் முன்வரவில்லை.

"நான் செய்யிறன்," என்றாள் அனஸ்ரேசியா.

"பொம்பிளை செனற்றரோ?" என்று யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தான் எழுதிய வசனம் என்றாலும் வேலை முடிந்துவந்து சத்தமாகப் பாடமாக்கினாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. "என் கையை நீங்கள் வெட்டலாம், அதை உயர்த்த வைக்க முடியாது!" என்று அவள் முழங்கியபோது பின்வரிசையில் அழுத குழந்தைகூட வாய்மூடியது. காவலனாக வந்த கீர்த்திகன் அங்கியைப் பிடித்து இழுத்தான். தோளில் குத்தியிருந்த ஊசி கழலவில்லை. பெடியன் திரும்பத் திரும்ப இழுத்தான். அனஸ்ரேசியா அவன் கையை மெல்ல விலக்கி, தானே ஊசியைக் கழற்றினாள். அங்கியை அவசரப்படாமல் மடித்து அவனிடம் கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்தபடியே சனத்துக்கு நடுவால் நடந்து வெளியே போனாள். நாடகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்றபோதுதான் கைதட்டல் கேட்டது. ஓயவேயில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். சூசைரட்ணமும் நின்றார், கொஞ்சம் பிந்தித்தான், ஆனால் உரக்கத் தட்டினார்.

அடுத்த நாள் காலை யாம்பானெதோர்கெ தரிப்பில் ஒரு தமிழ்ப் பெண் ட்ராமில் ஏறினாள். ஓட்டுநரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"செனற்றர், லியாப்ரு போகுமோ?"

"ஓம், போகும். ஏறுங்கோ," என்றாள் அனஸ்ரேசியா, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி.